யோசெமிட்டியிலிருந்து டெத் வேலி வரை காரில்: அப்பா அம்மாவோடு போக எந்த மாதம் சரி?

சன்னிவேல்வாசி

எல்லோருக்கும் வணக்கம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் மே மாதம் கலிஃபோர்னியாவுக்கு வந்தார்கள், நவம்பர் முதல் வாரம் திரும்புகிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோல்டன் கேட் பாலத்தை விட அதற்குப் போகும் சாலையைத்தான் அதிக நேரம் பார்த்தார். அம்மாவுக்கு 66, லேசாக ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். கூட ஆறு வயதுப் பையன்.

ஜூலை நாலாம் தேதி விடுமுறையை ஒட்டி மூன்று நாள் கிடைக்கும். முதல் நாள் யோசெமிட்டி பள்ளத்தாக்கு. இரண்டாம் நாள் டையோகா கணவாய் வழியாக மலையைத் தாண்டி நேராக டெத் வேலி. மூன்றாம் நாள் வீடு. மேப்பில் பார்த்தால் இரண்டாம் நாள் சுமார் 300 மைல்தான் வருகிறது. மினிவேன் இருக்கிறது. பனி மலையையும் பாலைவனத்தையும் ஒரே பயணத்தில் அவர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்று ரொம்ப ஆசை. இது சரிப்படுமா?

நெடுஞ்சாலை395

ஆசை நியாயமானது. இவ்வளவு குறைந்த தூரத்தில் இப்படி முகம் மாறும் பாதை வேறு எங்கும் சுலபமாகக் கிடைக்காது. அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால் அமெரிக்காவின் மிக உயரமான இடம் விட்னி சிகரம், 14,505 அடி. மிகத் தாழ்ந்த இடம் டெத் வேலியில் இருக்கும் பேட்வாட்டர், கடல் மட்டத்துக்குக் கீழே 282 அடி. இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் 85 மைல்தான். நீங்கள் போகப் போவது இந்த இரண்டுக்கும் இடையில்.

ஆனால் தேதி தப்பு. இந்தப் பயணத்தில் ஓட்டலையோ வண்டியையோ பற்றி யோசிக்கும் முன் தேதியை முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் மலையும் பாலைவனமும் ஒரே நேரத்தில் கதவு திறப்பதில்லை. டையோகா சாலை குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக் கிடக்கும். வழக்கமாக மே கடைசியிலோ ஜூனிலோ திறப்பார்கள். 2023-ல் பனி அதிகம் விழுந்ததால் ஜூலை 22 வரை திறக்கவே முடியவில்லை. மலை திறக்கும் அந்த நேரத்தில் கீழே டெத் வேலியின் ஃபர்னஸ் க்ரீக்கில் பகல் வெப்பம் 110 ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கும். ஜூலையில் சராசரி உச்சமே 116, 117. நம் கணக்கில் 47 செல்சியஸ், அதுவும் நிழலில். பாலைவனம் இதமாக இருக்கும் டிசம்பர், ஜனவரியில் போனால் டையோகா மூடியிருக்கும்.

இரண்டும் ஒத்துவருவது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. அதிலும் அக்டோபர் முதல் மூன்று வாரம். அக்டோபரில் டெத் வேலியின் சராசரி உச்சம் 93 ஃபாரன்ஹீட் அளவில், கிட்டத்தட்ட 34 செல்சியஸ். மதுரைக்காரர்களுக்கு அது ஒரு வெயிலே இல்லை. உங்கள் பெற்றோர் நவம்பர் வரை இருக்கிறார்கள் அல்லவா? அக்டோபருக்குத் தள்ளிப் போடுங்கள்.

வேகஸ்_பக்கத்துவீடு

இவ்வளவு பயமுறுத்தத் தேவையில்லை என்பது என் கருத்து. நாங்கள் கோடையில்தான் போனோம். ஏசி நன்றாக வேலை செய்யும் வண்டி, நிறையத் தண்ணீர், ஒவ்வொரு இடத்திலும் இறங்கி ஐந்து நிமிடம், மறுபடி ஏசி. பேட்வாட்டரில் போட்டோ எடுத்தோம், கிளம்பினோம். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் அந்த வெப்பத்தை அனுபவிக்கவே ஜூலையில் வருகிறார்கள். பள்ளி விடுமுறை கோடையில்தானே இருக்கிறது? அக்டோபரில் பையனுக்கு லீவு போட வேண்டிவரும்.

நெடுஞ்சாலை395

நீங்கள் நல்லபடியாகப் போய் வந்ததில் சந்தோஷம். ஆனால் உங்கள் திட்டம் முழுக்க ஏசி ஓடுவதை நம்பி இருக்கிறது. வண்டி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பூங்காவின் பெரும்பகுதியில் போன் சிக்னல் கிடையாது.

2024 ஜூலையில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். 128 டிகிரி வெப்பத்தில் பேட்வாட்டர் பக்கம் பைக்கில் போன ஒருவர் இறந்துபோனார். கூட வந்த இன்னொருவருக்கு வெப்பம் தாக்கி உடல்நிலை மோசமாக இருந்தும் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. அவ்வளவு சூட்டில் காற்று லேசாகிவிடுவதால் ஹெலிகாப்டரால் பாதுகாப்பாக மேலே எழும்ப முடியாது. ஆம்புலன்ஸில்தான் கொண்டுபோனார்கள். சில நாள் கழித்து ஒரு சுற்றுலாப் பயணி மணல்மேட்டில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்ததில், தோல் முழுதும் வெந்துபோகும் அளவுக்கு இரண்டு பாதங்களிலும் தீக்காயம். அவர் நடந்தது சிறிது தூரம்தான். அங்கேயும் ஹெலிகாப்டர் கீழே இறங்க முடியாமல், முதலில் ஆம்புலன்ஸில் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து ஏற்றினார்கள்.

எழுபது வயதுக்காரரையும் ஆறு வயதுக் குழந்தையையும் அந்த மாதத்தில் கூட்டிப்போகச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பையனுக்கு இரண்டு நாள் லீவு போட்டால் போகிறது.

வேகஸ்_பக்கத்துவீடு

ஹெலிகாப்டர் விஷயம் எனக்குத் தெரியாது. சரி, வயதானவர்களோடு என்றால் அக்டோபரே நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று: அக்டோபரில் திடீர்ப் பனி விழுந்தால் டையோகாவை மூடுவார்கள். சில சமயம் ஓரிரு நாளில் திறப்பார்கள், சில சமயம் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான். மாற்று வழி கையில் இருக்க வேண்டும்.

செவிலி_ஃப்ரீமான்ட்

தம்பி, நான் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள், அதனால் உயரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டையோகா கணவாய் 9,943 அடி. காரில் ஏறி ஓரிரு மணி நேரத்தில் இறங்கிவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. லேசான தலைவலி, படி ஏறினால் மூச்சு வாங்குவது, அவ்வளவுதான். எந்த உயரத்தில் இரவு தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம். நிறையப் பேர் மம்மத் லேக்ஸில் அறை போடுவார்கள், அது ஏறக்குறைய 7,900 அடி. கடல் மட்டத்தில் இருந்து வருகிற வயதானவர்களுக்கு முதல் இரவு அங்கே தூக்கம் சரியாக வராது. இன்னும் 40 மைல் போனால் பிஷப் ஊர், 4,150 அடிதான். அங்கே தங்குங்கள்.

அம்மாவின் மாத்திரையில் நீர் பிரியும் மருந்து கலந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாலைவனத்தில் உடம்பில் நீர் சீக்கிரம் குறையும். கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் அம்மாக்களின் பழக்கம். டெத் வேலியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது நாலு லிட்டர் கணக்கில் தண்ணீர் எடுத்துப்போகச் சொல்கிறார்கள். அதை வண்டியில் வைத்திருந்தால் மட்டும் போதாது, குடிக்க வைக்க வேண்டும்.

சன்னிவேல்வாசி

இவ்வளவு அக்கறையாகப் பதில் சொன்னதற்கு மிக்க நன்றி. வீட்டில் பேசினேன், அக்டோபர் இரண்டாம் வாரம் என்று முடிவு. மூன்று நாளை ஐந்து நாளாக நீட்டிவிட்டேன். அக்கா சொன்னபடி பிஷப்பில் ஓர் இரவு.

நெடுஞ்சாலை சார், ஒரு நாள் முழுக்க 395-ம் எண் நெடுஞ்சாலையில் போவதற்கு அந்தப் பாதையில் என்ன இருக்கிறது? அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நெடுஞ்சாலை395

அப்பாவுக்காகவே எழுதுகிறேன், பதிவு நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து யோசெமிட்டிக்கு 120-ம் எண் சாலையில் போகும்போது மலை அடிவாரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். பழைய ப்ரீஸ்ட் கிரேடு இரண்டே மைலில் சுமார் 1,500 அடி ஏறுகிறது. புதியது வளைந்து வளைந்து அதே உயரத்தை நிதானமாக ஏறும். ஆட்கள் நிறைந்த மினிவேனுக்குப் புதியதே நல்லது. அப்பாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பழைய சாலை செங்குத்தாக ஏறுவது அங்கிருந்து முழுசாகத் தெரியும்.

டையோகா சாலை 1883-ல் வெள்ளிச் சுரங்கத்துக்காகப் போட்ட வண்டிப்பாதை. அந்தச் சுரங்கத்தில் பெரிதாக ஒன்றும் கிடைக்காமல் பாதை பாழாகிக் கிடந்தது. தேசியப் பூங்காக்களின் முதல் இயக்குநர் ஆகப்போகும் ஸ்டீபன் மேதர் 1915-ல் தன் கைக்காசையும் நண்பர்களிடம் திரட்டிய பணத்தையும் போட்டு அதை வாங்கி அரசுக்குக் கொடுத்தார். இப்போது நாம் ஓட்டும் சாலை 1961-ல் முடிந்தது. கிரேன் ஃப்ளாட்டிலிருந்து கணவாய் வரை சுமார் 46 மைல். பெட்ரோலைக் கிரேன் ஃப்ளாட்டிலேயே போட்டுவிடுங்கள். ஓம்ஸ்டெட் பாயின்டில் கட்டாயம் நிறுத்துங்கள். ஹாஃப் டோம் பாறையை எல்லோரும் பள்ளத்தாக்கில் முன்பக்கமிருந்துதான் பார்த்திருப்பார்கள், இங்கே அதன் முதுகுப்பக்கம் தெரியும். பனியாறு இழைத்துவிட்டுப் போன வழவழப்பான கருங்கல்லில் நடக்கலாம். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை, அம்மாவாலும் முடியும்.

கணவாயைத் தாண்டியதும்தான் பயணத்தின் மிக அழகான பன்னிரண்டு மைல். லீ வைனிங் ஊர் வரை சுமார் 3,000 அடி இறக்கம், ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம், பல இடங்களில் தடுப்புக்கூட இல்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதீர்கள். லோ கியரில் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விடுங்கள். கருகல் வாடை வந்தால் ஒதுக்குப்புறம் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள். இறங்க இறங்கப் பைன் மரங்கள் குறைந்து, சாம்பல் பச்சையில் புதர்கள் மட்டும் மிஞ்சும். மேகத்திலிருக்கும் ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவே வாங்கிக்கொள்கிறது. அக்டோபரில் ஓடை ஓரத்து ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகியிருக்கும். ஜூலையில் போனால் இது கிடைக்காது.

கீழே மோனோ ஏரி. ஆறுகள் உள்ளே வரும், வெளியே போக வழி இல்லை. அதனால் கடலை விட இரண்டரை மடங்குக்கும் மேல் உப்பு. மீன் கிடையாது, சின்ன இறாலும் ஈயும்தான், அவற்றைத் தின்ன லட்சக்கணக்கில் பறவைகள் வரும். சவுத் டூஃபாவில் இறங்கிப் பாருங்கள், சுண்ணாம்புத் தூண்கள் ஆள் உயரத்துக்கும் மேலாக நிற்கும். அவை தண்ணீருக்கு அடியில் உருவானவை. 1941-லிருந்து லாஸ் ஏஞ்சலஸ் நகரம் ஏரிக்கு வரும் ஓடைகளைத் திருப்பிக்கொண்டதால் நீர்மட்டம் 45 அடி இறங்கித்தான் அவை வெளியே தெரிகின்றன. 1994-ல் மாநில நீர் வாரியம் தலையிட்டு, ஏரி கடல் மட்டத்துக்கு மேல் 6,392 அடி வரை ஏற வேண்டும் என்று உத்தரவு போட்டது. இன்னும் ஏறவில்லை.

பிஷப்புக்குத் தெற்கே இதே தண்ணீர்க் கதை இன்னும் பெரிதாக வரும். ஓவன்ஸ் ஆற்று நீரை 1913-ல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோனார்கள். 233 மைல் கால்வாயும் குழாயும், வழியில் ஒரு பம்ப் கூட இல்லை, முழுக்கப் புவியீர்ப்பில் ஓடுகிறது. பொறியியலாகப் பார்த்தால் உங்கள் அப்பா அசந்துபோவார். ஆனால் ஆறு வராமல் ஓவன்ஸ் ஏரி வறண்டு, அதன் அடி உப்புத்தூசி காற்றில் கிளம்பிச் சுற்றியிருந்தவர்களைப் பல பத்தாண்டுகள் வாட்டியது. இப்போது அந்தத் தூசியை அடக்க அதே நகரம் தண்ணீரும் ஜல்லியும் போட்டுக்கொண்டிருக்கிறது. லோன் பைன் தாண்டியதும் வலப்பக்கம் அந்த ஏரிப்படுகை தெரியும்.

லோன் பைனுக்குச் சற்று முன் மான்சனார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய வம்சாவளியினரை, பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களை, அடைத்து வைத்த முகாம். 1942 முதல் 1945 வரை, ஒரே சமயத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். புதிதாகக் கட்டிக் காட்டும் முகாம் குடியிருப்புகளில் ஓர் அறையில் எத்தனை கட்டில் போட்டிருக்கிறது என்று பாருங்கள். குடியேறி வந்து இங்கே பிள்ளை வளர்க்கும் நாம் ஒருமுறையாவது அங்கே இறங்கியே ஆக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

டெஸ்லா_தம்பி

இடையில் ஒரு கேள்வி. எலெக்ட்ரிக் வண்டியில் இதே பாதை முடியுமா?

வேகஸ்_பக்கத்துவீடு

முடியும். லோன் பைனில் டெஸ்லாவின் வேகமான சார்ஜரான சூப்பர்சார்ஜர் இருக்கிறது, அங்கே நிரப்பிக்கொள்ளுங்கள். டெத் வேலியின் அந்தப் பக்கம் நெவாடாவில் பீட்டி ஊரில் இன்னொன்று. உள்ளே வேகமான சார்ஜரை நம்பிப் போக வேண்டாம். ஏற்றத்தில் சார்ஜ் மளமளவென்று இறங்கும், இறக்கத்தில் கொஞ்சம் திரும்ப ஏறும், அதனால் திரை காட்டும் மைல் கணக்கைப் பார்த்துப் பதற வேண்டாம். பெட்ரோல் வண்டிக்காரர்களும் லோன் பைனில் நிரப்புவதே நல்லது. பூங்காவுக்குள் கிடைக்கும், ஆனால் விலை கையைக் கடிக்கும்.

பாறைப்பிரியை

ஓவன்ஸ் பள்ளத்தாக்கு வரை நெடுஞ்சாலை சார் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் சொல்கிறேன், டெத் வேலி என்றால் எனக்கு உயிர்.

பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று சியரா நெவாடா மலைத்தொடரைத் தாண்டியதும் பாதி வறண்டுவிடுகிறது. அப்புறம் இன்யோ மலை, பானமின்ட் மலை என்று அடுத்தடுத்துத் தடைகள். டெத் வேலிக்கு வந்து சேரும்போது காற்றில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. வருடம் முழுக்கச் சேர்த்தாலே சுமார் இரண்டு அங்குல மழை. பள்ளத்தாக்கு ஏதோ ஆறு அரித்து உண்டானதல்ல. நிலம் இழுபட்டு நடுத்துண்டு இறங்கிக்கொண்டே போகிறது, இரண்டு பக்க மலையும் எழும்புகிறது. குழியில் தேங்கும் சூடான காற்று மேலே கிளம்பினாலும் சுவரில் முட்டித் திரும்ப அங்கேயே இறங்கி இன்னும் சூடாகிறது. 1913 ஜூலை 10-ல் 134 டிகிரி, அதாவது 56.7 செல்சியஸ் பதிவானது இங்கேதான். உலகச் சாதனையாக அதுதான் இன்னும் நிற்கிறது, அந்தப் பதிவைச் சந்தேகிக்கும் வானிலையாளர்களும் இருக்கிறார்கள்.

அவ்வளவு வறண்ட ஊரில் 2023 ஆகஸ்ட் 20-ல் ஹிலரி புயல் ஒரே நாளில் 2.2 அங்குலம் கொட்டியது. சாலைகள் பிய்த்துக்கொண்டு போய், பூங்காவை அக்டோபர் 15 வரை மூடி வைத்தார்கள். பேட்வாட்டர் உப்புவெளியில் மறுபடி ஏரி வந்தது, 2024 பிப்ரவரியில் அதில் கயாக் ஓட்ட அனுமதித்தார்கள். கிளம்பும் முன் பூங்காவின் தளத்தில் சாலை நிலவரத்தைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான். போனில் வழிகாட்டும் ஆப் அங்கே உதவாது, ஜீப் பாதையைக் காட்டி உள்ளே இழுத்துவிடும். ஆஃப்லைன் மேப்போடு காகித மேப்பும் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றால் வண்டியை விட்டு நடக்காதீர்கள்.

பேட்வாட்டரில் எல்லோரும் பலகை அருகிலேயே நின்று திரும்பிவிடுவார்கள். கொஞ்சம் உள்ளே நடந்தால்தான் மிதிபடாத உப்பு கிடைக்கும். குனிந்து பாருங்கள், ஐந்தாறு பக்கம் உள்ள கட்டங்கள், ஓரங்கள் விரல் தடிமனில் மேலே எழும்பியிருக்கும், தொட்டால் கரகரவென்று உதிரும். சமையல் உப்பேதான் அது. அப்புறம் திரும்பி நின்று மலைச்சுவரை அண்ணாந்து பாருங்கள். மிக உயரத்தில் கடல் மட்டம் என்று வெள்ளைப் பலகை மாட்டியிருப்பார்கள். நாம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறோம் என்று உங்கள் பையனுக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும்.

மாலையில் டான்டேஸ் வியூ என்ற மலைமுனை. 5,476 அடி, கீழே இருப்பதை விடச் சுமார் 25 ஃபாரன்ஹீட் குளிராக இருக்கும், ஸ்வெட்டர் வேண்டும். காலை ஏழு மணிக்கு மெஸ்கீட் மணல்மேடு, சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். நடுப்பகலில் போனால் எல்லாம் வெளுத்து ஒரே தட்டையாகிவிடும்.

செவிலி_ஃப்ரீமான்ட்

சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. புளியோதரை இரண்டு நாள் தாங்கும், தயிர்சாதத்தை ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஆனால் யோசெமிட்டியில் இருட்டிய பிறகு காரில் சாப்பாடு வைக்கக் கூடாது, கரடி கண்ணாடியை உடைத்துவிடும். தங்கும் இடத்தில் இரும்புப் பெட்டி இருக்கும், அல்லது அறைக்குள் கொண்டுபோங்கள். ஊறுகாய், பற்பசை, லோஷன் எல்லாமே இதில் சேர்த்தி, வாசனை வருவது எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது.

சன்னிவேல்வாசி

எல்லாவற்றையும் சேர்த்து இப்படிப் போட்டிருக்கிறேன். முதல் நாள் பள்ளத்தாக்கு பார்த்துவிட்டுக் க்ரோவ்லேண்டில் தங்கல். இரண்டாம் நாள் டையோகா, மோனோ ஏரி, பிஷப். மூன்றாம் நாள் நிதானமாக எழுந்து மான்சனார், மதியச் சாப்பாடு லோன் பைனில், அலபாமா குன்றுகளில் பையன் பாறை ஏறட்டும், சாயங்காலம் கிளம்பி இரவு ஃபர்னஸ் க்ரீக். நாலாம் நாள் முழுக்க அங்கே. ஐந்தாம் நாள் ட்ரோனா, ரிட்ஜ்கிரெஸ்ட், பேக்கர்ஸ்ஃபீல்ட் வழியாக வீடு. டையோகா மூடிவிட்டால் டோனர் கணவாய் வழியாக 80-ம் எண் நெடுஞ்சாலையில் ரீனோ போய் 395 பிடிக்கிறேன். ரத்து செய்தால் பணம் திரும்ப வரும்படிதான் அறைகளைப் போட்டிருக்கிறேன். எங்காவது இடிக்கிறதா?

நெடுஞ்சாலை395

மூன்றாம் நாள் சாயங்காலம் மட்டும் இடிக்கிறது. லோன் பைனிலிருந்து ஃபர்னஸ் க்ரீக் 105 மைல், அதில் மூன்று கட்டம் இருக்கிறது. ஃபாதர் க்ரௌலி முனையிலிருந்து பானமின்ட் பள்ளத்துக்கு இறக்கம், பிறகு 4,956 அடி டவுன் பாஸ் வரை ஏற்றம், அங்கிருந்து சுமார் 17 மைலில் கடல் மட்டத்துக்கு இறக்கம். விளக்குக் கிடையாது, சிக்னல் கிடையாது. அக்டோபர் நடுவில் ஆறேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும். அந்த இறக்கத்தை இருட்டில் செய்யாதீர்கள், அதோடு மலையிலிருந்து பாலைவனத்துக்குள் இறங்கும் அந்தக் காட்சியே போய்விடும். லோன் பைனை விட்டு மதியம் இரண்டு மணிக்குள் கிளம்புங்கள். டவுன் பாஸ் ஏற்றத்தில் எஞ்சின் சூடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள், ஏறினால் ஏசியை அணையுங்கள், அங்கே அதற்கான பலகையே இருக்கும்.

சன்னிவேல்வாசி

சரி சார், பிஷப்பிலிருந்து காலை ஏழரைக்கே கிளம்புவதாக மாற்றிவிட்டேன். அப்பாவிடம் 233 மைல் கால்வாயைச் சொன்னேன், சரிவு எத்தனைக்கு எத்தனை வைத்தார்கள் என்று கேட்கிறார். யாருக்காவது தெரிந்தால் இங்கேயே போடுங்கள், கிளம்பும் முன் காட்டிவிடுகிறேன்.